ஸ்மார்ட் எல்லை வேலி உண்மையில் என்ன செய்கிறது?

2022 ஜனவரி 1, மாலை நேரம். தென்கொரியாவின் கிழக்குக் கரையோரம், வடகொரியாவை ஒட்டிய கோசோங் பகுதியில் ஒரு மனிதர் எல்லை வேலியில் ஏறி மறுபுறம் குதித்தார். உலகிலேயே மிகக் கடுமையாகக் கண்காணிக்கப்படும் எல்லைகளில் ஒன்று அது. மூன்று கேமராக்கள் அவரை ஐந்து முறை படம்பிடித்தன. வேலியில் இருந்த சென்சார் எச்சரிக்கை ஒலி எழுப்பியது. வீரர்கள் ஓடிவந்து வேலியைப் பார்த்தார்கள். சேதம் எதுவும் தென்படவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பதிவுக் கருவியின் கடிகாரம் சில நிமிடங்கள் தவறாக ஓடிக்கொண்டிருந்ததால், அவர்கள் பார்த்த காட்சியில் ஆளே இல்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, இரு நாடுகளுக்கும் இடையிலான இராணுவமற்ற பகுதிக்குள் அவர் தெர்மல் கேமராவில் மீண்டும் தென்பட்டார். ஆட்களை அனுப்பினார்கள். பிடிக்க முடியவில்லை; அவர் வடகொரியாவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேமரா வேலை செய்தது. சென்சார் வேலை செய்தது. ஒலியும் எழுந்தது. ஆனாலும் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார்.

நம் ஊடகங்களில் எல்லைக் கண்காணிப்புத் தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போது இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. 'லேசர் சுவர் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஓர் ஈகூட நுழையாது' என்பது ஒன்று. ஊடுருவல் நடந்துவிட்டால், 'இத்தனை கோடி கொட்டியும் கருவி தோற்றுவிட்டதே' என்பது இன்னொன்று. இந்தக் கருவிகளின் வேலை என்ன என்று தெரியாததால்தான் இரண்டு பேச்சும் எழுகின்றன. எந்த ஸ்மார்ட் வேலியும் யாரையும் தடுப்பதில்லை. 'இங்கே ஏதோ அசைகிறது' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. சொன்னதைக் கேட்டு, புரிந்துகொண்டு, உரிய நேரத்தில் போய்ச் சேரும் வேலை முழுவதும் மனிதர்களுடையது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்ற எல்லாம் எளிதாக விளங்கும்.

தகர டப்பாவும் பரணும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை தீராதது. வரப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் காலி தகர டப்பாக்களைத் தொங்கவிடுவார்கள். பன்றி கயிற்றில் முட்டினால் டப்பா கலகலவென்று ஒலிக்கும். பரணில் படுத்திருக்கும் காவல்காரர் எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பன்றிதானா, பக்கத்துத் தோட்டத்து நாயா, வெறும் காற்றா என்று தெரிந்துகொள்வார். பன்றி என்றால் ஒரு பட்டாசைக் கொளுத்திக்கொண்டு இறங்கி ஓடுவார்.

எல்லைக் கண்காணிப்பு முழுவதும் இந்த நான்கு படிகளுக்குள் அடங்கிவிடும். அசைவை அறிவது முதல் படி, அதாவது உணர்தல். அசைந்தது எது என்று பிரித்தறிவது இரண்டாம் படி, அடையாளம் காணல். என்ன செய்வது என்று தீர்மானிப்பது மூன்றாவது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது நான்காவது. ரேடார், டிரோன், செயற்கை நுண்ணறிவு என்று நாம் கேள்விப்படும் எல்லாமே பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்கானவை. டப்பா எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், காவல்காரர் இறங்கி ஓடும் வேகம் அதனால் கூடிவிடாது.

முதல் படி: உணர்தல்

எல்லையில் பயன்படும் உணர்கருவிகள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் தெரிவது வேறு, தெரியாமல் போவது வேறு. அதனால் நான்கை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தெர்மல் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைக் கேமரா படமாக்குகிறது. ஆகவே கும்மிருட்டிலும் மனித உடல் பளிச்சென்று தெரியும். ஆனால் அதற்குத் தெரிவது வெப்பநிலையின் வேறுபாடு மட்டுமே. ராஜஸ்தான் பாலைவனத்தில் கோடை வெயில் ஏறஏற மணல் சூடாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மணலின் சூடும் மனித உடலின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அந்தச் சிறிது நேரத்துக்கு, எதிரே நடந்து வரும் ஆள் படத்தில் மணலோடு மணலாகக் கரைந்துபோவார். மாலையில் மணல் ஆறும்போதும் இதே நிலை வரும். அடர்ந்த பனிமூட்டத்திலும் கனமழையிலும் இந்தக் கேமராவின் பார்வைத் தூரம் குறைந்துவிடும்.

பனிமூட்டத்தில் ரேடார் கைகொடுக்கும். அது ரேடியோ அலைகளை அனுப்பி, மோதித் திரும்பும் அலையைப் படிக்கிறது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அதை வைத்து நகர்வதையும் நிற்பதையும் பிரித்துவிடலாம். ஆனால் நகர்வது மாடா, மனிதனா, காற்றில் ஆடும் நாணலா என்று உறுதியாகச் சொல்வது அதற்குக் கடினம். மேலும், ரேடாருக்கு நேர்க்கோட்டுப் பார்வை வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அதன் பின்னால் இருக்கும் பள்ளம் முழுவதும் அதற்குக் குருட்டுப் பகுதி.

என்னை மிகவும் வியக்க வைக்கும் கருவி கண்ணாடி இழை. நம் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே வகைக் கேபிளைத்தான் வேலியில் கட்டியோ மண்ணில் புதைத்தோ வைக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்புகளை விட்டுக்கொண்டே இருப்பார்கள். இழை நெடுகிலும் ஒளியின் மிகச் சிறு பங்கு சிதறித் திரும்பி வரும். மேலே யாராவது நடந்தாலோ பக்கத்தில் மண்ணைத் தோண்டினாலோ இழை நுண்மையாக அதிரும். திரும்பி வரும் ஒளியில் அந்த மாற்றம் தெரியும். எந்த இடத்தில் அதிர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தை வைத்துத்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு விநாடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் மாற்றம் திரும்பி வந்தால், போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர். ஆக அதிர்வு நிகழ்ந்த இடம் முனையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில். ஒரே ஒரு கேபிள் பல கிலோமீட்டர் நீளக் காதாக மாறிவிடுகிறது. லாரி போனாலும் இடி இடித்தாலும் அந்தக் காதுக்குக் கேட்கும் என்பதுதான் தொல்லை.

கடைசியாக, 'லேசர் சுவர்'. பெயரைக் கேட்டதும் தொட்டால் சுட்டெரிக்கும் நெருப்புச் சுவர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரு கம்பங்களுக்கு நடுவே ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைதான் அது. யாராவது குறுக்கே போனால் கற்றை அறுபடும், ஒலி எழும். அவ்வளவே. ஆறும் ஓடையும் குறுக்கிட்டு முள்வேலி போட முடியாத இடைவெளிகளுக்காக, 2016ஆம் ஆண்டில் பஞ்சாபின் பாகிஸ்தான் எல்லையில் எல்லைப் பாதுகாப்புப் படை இவற்றை அமைத்தது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது. எல்லாவற்றையும் பார்க்கும் ஒற்றைக் கருவி என்று எதுவும் கிடையாது. வெப்பம், அசைவு, அதிர்வு, அறுபட்ட ஒளி என ஒவ்வொன்றும் ஒரு தடயத்தை மட்டுமே பிடிக்கிறது.

துப்ரியில் ஒரு கட்டுப்பாட்டு அறை

அப்படியானால் பல கருவிகளை ஒரே இடத்தில் இணைத்துவிட்டால் என்ன? அந்த யோசனைதான் 'ஒருங்கிணைந்த எல்லை மேலாண்மை அமைப்பு'. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்ட பிறகு இந்தியாவில் இதற்கான முயற்சி வேகம் பெற்றது. 2018 செப்டம்பரில் ஜம்மு எல்லையில் தலா ஐந்தரை கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கினார்கள்.

அடுத்து வந்த அசாம் மாநிலத் துப்ரியின் கதை இன்னும் சுவையானது. பிரம்மபுத்திரா வங்கதேசத்துக்குள் நுழையும் இடம் அது. அங்கே எல்லையின் 61 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட வழியில்லை. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. நடுநடுவே 'சர்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் மணல் திட்டுகள், அவற்றில் குடியிருப்புகள், வயல்கள். வெள்ளம் வந்தால் ஒரு திட்டு கரையும், வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். இந்த ஆண்டு கம்பம் நட்ட இடம் அடுத்த ஆண்டு ஆற்றுக்குள் இருக்கலாம். கண்காணிப்புப் படகுகள் ஒரு கிளையில் சுற்றும்போது இன்னொரு கிளை காலியாகக் கிடக்கும். 2019 மார்ச்சில் இங்கே தொடங்கிய திட்டத்தில், பகலிரவுக் கேமராக்கள், சென்சார்கள், நுண்ணலைத் தொடர்பு, கண்ணாடி இழைக் கேபிள், வீரர்கள் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் ரேடியோ எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அறையோடு இணைத்தார்கள். கேமரா எதையாவது கண்டால் அறையில் இருப்பவர் பார்த்து, அருகில் இருக்கும் விரைவுப் படைக்குச் சொல்ல வேண்டும். தடுப்புச் சுவருக்கு இடமில்லாத ஊரில், சுவர் என்ற எண்ணத்தையே கைவிட்டு, தகவலும் விரைவும் போதும் என்று முடிவெடுத்த திட்டம் இது. 'போல்ட்-க்யூஐடி' (BOLD-QIT) என்ற அதன் பெயரிலேயே, Q என்ற எழுத்தில், விரைவுப் படைக்கு (QRT) இடம் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் சரியான சிந்தனையாகவே பார்க்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு எங்கே வருகிறது?

இரண்டாம் படியில், அதாவது அடையாளம் காணலில். ஒரு கட்டுப்பாட்டு அறையில் பல திரைகள் ஓடிக்கொண்டிருக்கும். எதுவுமே நடக்காத காட்சியை ஒரு மனிதரால் தொடர்ந்து கவனமாகப் பார்க்க முடியாது. சற்று நேரத்திலேயே கண் பார்க்கும், மனம் பார்க்காது. அந்தச் சலிப்பான வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கிறார்கள். மனிதன், மாடு, படகு, வண்டி என்று பெயரிட்ட ஏராளமான படங்களைக் கொடுத்துப் பழக்கினால், புதிய படத்தில் இருப்பது எதைப் போல இருக்கிறது என்று கணினி மதிப்பிடும். செயற்கை நுண்ணறிவு என்று இங்கே சொல்லப்படுவது இந்த மதிப்பீட்டைத்தான். அது உறுதியாகச் சொல்வதில்லை. 'இது மனிதனாக இருக்க 80 விழுக்காடு வாய்ப்பு' என்ற வகையில்தான் சொல்கிறது.

இங்கேதான் பலரும் தடுமாறும் ஒரு கணக்கு இருக்கிறது. '99 விழுக்காடு துல்லியம்' என்று விளம்பரம் செய்தால் நமக்கு ஏறக்குறைய முழுமை என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் எல்லைப் பகுதியில் ஓரிரவில் 10,000 அசைவுகள் பதிவாகின்றன. நரி, மாடு, மழை, கொடி, மரக்கிளை எல்லாம் அதில் சேர்த்தி. உண்மையான ஊடுருவல் ஒன்றே ஒன்று. கருவி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்கிறது. அப்படியானால் அந்த ஒன்றை அநேகமாகப் பிடித்துவிடும். மீதமுள்ள 9,999 அசைவுகளில் நூற்றுக்கு ஒன்று தவறினால், ஏறக்குறைய 100 தடவை வீணாக ஒலிக்கும். ஆக 101 ஒலிகளில் உண்மையானது ஒன்று. பன்னிரண்டு மணி நேர இரவில் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் ஒலி. பரணில் இருப்பவர் எத்தனை தடவைதான் இறங்கி ஓடுவார்? ஒரு வாரத்தில் 'காற்றாகத்தான் இருக்கும்' என்று புரண்டு படுத்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இப்படி வீணாக ஒலிப்பதற்குத் தவறான எச்சரிக்கை என்று பெயர். அதைக் குறைக்க ஒரு வழி, 'நன்றாக உறுதியானால் மட்டும் ஒலி' என்று வரம்பை உயர்த்துவது. அப்போது வீண் ஒலி குறையும். குனிந்து தவழ்ந்து வரும் உண்மையான ஆளும் கணக்கில் வராமல் போகக்கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்க முடியாது. இரண்டு வேறுபட்ட கருவிகள் ஒத்துச் சொன்னால் மட்டும் நம்புவது இன்னொரு வழி. ரேடார் 'நகர்கிறது' என்கிறது, தெர்மல் கேமரா 'சூடாக இருக்கிறது' என்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாணல் கழிந்துவிடும். துப்ரியிலும் ஜம்முவிலும் கருவிகளை ஒன்றிணைப்பதன் உண்மையான பயன் இதுவே.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. மெக்சிகோ எல்லையில் கோபுரம், ரேடார், கேமரா எல்லாவற்றையும் இணைக்கும் மெய்நிகர் வேலிக்கு 2006இல் போயிங் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். மழையையும் காற்றையும் மனித நடமாட்டத்திலிருந்து பிரித்தறிய ரேடார் திணறியது. ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவழிந்து, அரிசோனாவில் 85 கிலோமீட்டர் அளவுக்கு மட்டுமே அமைத்த நிலையில், 2011 ஜனவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

சுருங்கச் சொன்னால், செயற்கை நுண்ணறிவு காவல்காரருக்கு மாற்றாக வருவதில்லை. அவர் எதைப் பார்க்க வேண்டும் என்று வடிகட்டித் தருகிறது. வடிகட்டி மோசமாக இருந்தால், இல்லாததைவிடக் கேடு.

உருவம் தெரியும், நோக்கம் தெரியாது

மூன்றாம் படி, தீர்மானம். கருவி மிகச் சரியாக 'மனிதன்' என்றே சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் அந்த மனிதர்?

இந்தியா–வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர். அங்கே வேலி பொதுவாக எல்லைக் கோட்டின்மேல் இல்லை. 150 கஜம் உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் பல இந்திய விவசாயிகளின் வயல் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. குறித்த நேரத்தில் கதவு திறக்கும். அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போய் உழுதுவிட்டு வருவார்கள். தெர்மல் கேமராவில் அந்த விவசாயியும் கடத்தல்காரரும் ஒரே வெள்ளை உருவம்தான். இரவில் வலை வீசும் மீனவரின் படகும் மாடு கடத்தும் படகும் ரேடாரில் ஒரே புள்ளிதான்.

2011 ஜனவரியில், இந்தியாவிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 15 வயது வங்கதேசச் சிறுமி ஒருத்தி, தந்தையோடு ஏணி வைத்து வேலியைக் கடக்க முயன்றாள். ஆடை முள்கம்பியில் சிக்கியது. பயந்து அலறினாள். காவலில் இருந்தவரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானாள்; அவள் உடல் பல மணி நேரம் வேலியிலேயே தொங்கியது. அவள் அங்கே இருப்பது தெரியாமல் அது நடக்கவில்லை. கண்டபிறகு என்ன செய்வது என்ற தீர்மானம்தான் அங்கே தவறியது. எவ்வளவு கூர்மையான கேமராவை வைத்தாலும் அந்தத் தீர்மானம் தானாகத் திருந்தாது. எல்லைத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் நான் அதிகம் எதிர்பார்த்து, குறைவாகக் கேட்பது இதைத்தான்.

நான்காம் படி: நேரம்

முள்வேலியை யாராலும் கடக்க முடியாது என்று எந்தப் படையும் நினைப்பதில்லை. அதைக் கடக்கச் சில நிமிடங்களாவது ஆகும். அந்த நிமிடங்களை வாங்கித் தருவதே வேலியின் பயன். எச்சரிக்கை எழுந்ததிலிருந்து வீரர்கள் வந்து சேரும் நேரம், கடப்பவருக்குத் தேவையான நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இருபது நிமிடத் தூரத்தில் முகாம் இருந்து, ஐந்து நிமிடத்தில் கடந்துவிட முடியும் என்றால், மிகச் சிறந்த சென்சாரும் கடந்துபோனதைப் பதிவு செய்யும் கருவியாகவே மிஞ்சும்.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்–காசா எல்லையில் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. நிலத்தடிச் சுவர், சென்சார், ரேடார், தொலைவிலிருந்து இயக்கும் துப்பாக்கி என 65 கிலோமீட்டர் நீளத் தடுப்பை 2021 டிசம்பரில்தான் கட்டி முடித்திருந்தார்கள். ஹமாஸ் அமைப்பினர் சிறு டிரோன்களை வைத்துக் கண்காணிப்புக் கோபுரங்களைத் தாக்கி, வேலியைப் பல இடங்களில் உடைத்தார்கள். கருவிகளை நம்பி ஆட்களைக் குறைத்திருந்த பகுதியில் உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆனது. அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். திரைகளுக்கு முன்னால் அமர்ந்திருந்த இளம் பெண் வீரர்கள், மறுபுறம் நடக்கும் பயிற்சிகளைப் பார்த்து மாதக்கணக்கில் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பதும் பிறகு வெளிவந்தது. கேமரா காட்டியது, பார்த்தவர்களும் புரிந்துகொண்டார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பராமரிப்பும் இதே படியில்தான் சேரும். கோசோங்கில் வேலி தாண்டிய அந்த மனிதர் ஏற்கனவே 2020 நவம்பரில் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர். அப்போது சென்சார் ஒலிக்கவே இல்லை. விசாரித்ததில், சென்சாருக்குள் திருகாணி தளர்ந்திருந்தது தெரியவந்தது.

ஒரு வழியை அடைத்தால்

எல்லையின் ஓரிடத்தில் கண்காணிப்பு இறுகினால், கடப்பவர்கள் வேறு வழி தேடுவார்கள். ஜம்முவின் சாம்பா பகுதியில் வேலிக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். பஞ்சாபில் போதைப்பொருள் இப்போது வேலிக்கு மேலே டிரோனில் வருகிறது; அந்த மாநில எல்லையில் 2023இல் நூற்றுக்கும் மேல், 2024இல் ஏறக்குறைய 300 டிரோன்களை எல்லைப் பாதுகாப்புப் படை கைப்பற்றியது. இந்தச் சிறு டிரோன்கள் பறவை அளவே இருப்பதால் பழைய ரேடார்களுக்கு எளிதில் அகப்படுவதில்லை. அரிசோனாவிலோ இப்படி வழி மாறியது மனித உயிரைக் குடித்தது. கோபுரங்களின் பார்வைக்குத் தப்ப, குடியேறிகள் தண்ணீர் இல்லாத கரடுமுரடான பாலைவனப் பாதைகளுக்கு நகர்ந்தார்கள் என்பதையும், அவர்களின் உடல்கள் கண்டெடுக்கப்படும் இடங்களும் அப்படியே நகர்ந்தன என்பதையும் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கடலில் இதே கருவி

பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974 ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக் கோடு தண்ணீரில் தெரிவதில்லை. இராமேசுவரத்து மீனவருக்கு அது ஜி.பி.எஸ். திரையில் மட்டும் இருக்கும் கோடு. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியை நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. செல்போன் கோபுரம் எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் இது உதவும். எல்லையை நெருங்கினால் படகில் இருப்பவருக்கே எச்சரிக்கை தரும்.

இந்த ஒரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரையில் கருவி காவலருக்குச் சொல்கிறது, இங்கே கடக்கப் போகிறவருக்கே சொல்கிறது. தெரியாமல் எல்லைக்குப் போய்விடும் படகுக்கு இது பெரிய உதவி. மீன் அந்தப் பக்கம்தான் கிடைக்கிறது என்று தெரிந்தே போகும் படகை இந்த ஒலி திருப்பிவிடாது. அது இரு நாட்டு அரசுகளும் மீனவர்களும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம். இன்ஜின் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டுப் போகும் படகுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. ஆபத்துச் செய்தி கரைக்கு வந்த பிறகு, எல்லைக் கோட்டை எட்டுவதற்குள் கட்டி இழுக்க இன்னொரு படகு அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.